ஸ்வெயின்பியோர்ன் எகில்சொன்: ஹோமரைத் தேர்வு அழைப்பிதழில் அச்சிட்ட வாத்தியார்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸ் இரவு எல்லோரும் பாடுகிற பாட்டை எழுதியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஸ்வெயின்பியோர்ன் எகில்சொன் என்று படித்தேன். தேடிப் பார்த்தால் அகராதி, மொழிபெயர்ப்பு என்றுதான் வருகிறது, சொந்தக் கவிதை அதிகம் தென்படவில்லை. அப்புறம் எதற்கு அவரைக் கவிஞர் என்கிறார்கள்? அவருடைய மாணவர்களே 'ஒழிக' என்று கத்திக்கொண்டு ஊர்வலம் போனார்களாமே, அது நிஜமா?"

நிஜம்தான். அவர்கள் கத்தியது லத்தீனில். பாவம், லத்தீனும் கிரேக்கமும் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்த பலன். ஆனால் அந்தக் கதையில் தொடங்கினால் மனிதர் தவறாகத் தெரிவார். முப்பது வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தியவர் அவர். ரகளை அந்த முப்பது வருடத்தின் கடைசியில் வருகிறது. என்னைக் கேட்டால், அவருடைய பெரிய படைப்பு எந்தப் புத்தகமும் இல்லை, அவருடைய வகுப்பறைதான். புத்தகங்கள் பலவும் அந்த வகுப்பறையிலிருந்து சிந்தியவை. கவிஞரா இல்லையா என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பெயர். 'எகில்சொன்' குடும்பப் பெயர் இல்லை. எகில் என்பவரின் மகன் என்று பொருள். நம் ஊரில் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிற மாதிரி. எனவே அவரை ஸ்வெயின்பியோர்ன் என்றுதான் குறிப்பிட வேண்டும். 'திரு எகில்சொன்' என்றால் அவருடைய அப்பாவைப் பிடித்து இழுக்கிறோம் என்று ஆகும். அவருடைய மகன் பெனடிக்ட் க்ரோண்டால் என்று அறியப்படுவதற்குக் காரணம், அவர் தாய்வழித் தாத்தாவின் பெயரை எடுத்துக்கொண்டது. அந்தத் தாத்தாவும் ஒரு கவிஞர், நீதிபதி. ஸ்வெயின்பியோர்ன் மணந்தது அவருடைய மகள் ஹெல்காவை.

பிறந்தது 1791இல், இன்ரி நியார்த்விக் என்ற கடலோர ஊரில். இன்று கெப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கி ரெய்க்யாவிக் நோக்கிப் போகிறவர்கள் எல்லோரும் அந்த ஊரை ஒட்டித்தான் போகிறார்கள். சிறு வயதிலேயே மக்னூஸ் ஸ்டெபென்சன் வீட்டில் வளர்க்கக் கொடுத்தார்கள். மக்னூஸ் நாட்டின் தலைமை நீதிபதி. ஐரோப்பிய அறிவொளிக் கருத்துகளை ஐஸ்லாந்துக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றவர். நாட்டில் அப்போது இருந்த ஒரே அச்சுக்கூடமும் அவர் கையில்தான். புத்தகம் என்பது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பையன் அங்கே பார்த்திருப்பான். 1814இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் போய், 1819இல் இறையியல் பட்டம் வாங்கித் திரும்பினார். அந்தக் காலத்தில் இறையியல் படித்தவன் போதகர் ஆவான். இவர் ஆகவில்லை. அதே வருடம் பெஸ்ஸாஸ்தாதிர் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டார்.

பெஸ்ஸாஸ்தாதிர் என்றால் இன்று ஐஸ்லாந்து அதிபரின் இல்லம். ஆல்ப்தானெஸ் என்ற தாழ்வான தீபகற்பத்தில், மூன்று பக்கமும் கடல் காற்று அறைகிற இடத்தில், வெள்ளைச் சுவரோடு நிற்கும் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1805 முதல் 1846 வரை அதில்தான் லத்தீன் பள்ளி நடந்தது. நாட்டுக்கே ஒரு உயர்பள்ளி அது. பழைய மறைமாவட்டப் பள்ளிகளான ஸ்கால்ஹோல்ட், ஹோலார் இரண்டும் மூடப்பட்டுவிட்டன. போதகராகவோ அதிகாரியாகவோ ஆக நினைக்கிற பையன் ஒன்று இங்கே வரவேண்டும், அல்லது தனியாக ஒரு போதகரிடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். கோடையில் பையன்கள் ஊருக்குத் திரும்பிப் புல் அறுக்கப் போவார்கள். குளிர்காலத்தில் ஹோமர், சிசரோ.

ஆசிரியர்கள் மொத்தம் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். ஹல்க்ரிமுர் ஷெவிங் லத்தீனுக்கு. பியோர்ன் குன்லாக்சொன் கணக்குக்கு. இவர் கோடை தோறும் குதிரையேறி நாடு முழுக்க அளந்து ஐஸ்லாந்தின் வரைபடத்தை உருவாக்கியவர். ஸ்வெயின்பியோர்ன் கிரேக்கத்துக்கு. பக்கத்திலேயே எய்விந்தார்ஸ்தாதிர் என்ற பண்ணையில் குடித்தனம்.

இங்கே ஒரு பின்னணி சொல்லியாக வேண்டும். நாடு டென்மார்க்கின் ஆளுகையில். அரசு அலுவல், வியாபாரம் எல்லாவற்றிலும் டேனிஷ் நெடி. 1813இல் ஐஸ்லாந்துக்கு வந்த டேனிஷ் மொழியியலாளர் ரஸ்முஸ் ராஸ்க், ரெய்க்யாவிக்கில் மக்கள் பேசுவதைக் கேட்டு நொந்துபோய், இன்னும் நூறு வருடத்தில் இந்த ஊரில் ஐஸ்லாந்து மொழி புரிகிற ஆளே இருக்க மாட்டான் என்கிற அளவுக்கு எழுதினார். கிராமத்தில் மொழி பிழைத்திருந்தது. ஆனால் படித்தவர்களின் எழுத்தில் டேனிஷும் ஜெர்மனும் கலந்த, நீள நீளமான, மூச்சு முட்டும் வாக்கியங்கள். கிராமத்துப் பாட்டி சொல்லும் கதையும் படித்த போதகர் எழுதும் உரைநடையும் இரண்டு வேறு மொழி மாதிரி.

இந்த இடத்தில்தான் ஸ்வெயின்பியோர்னின் கிரேக்க வகுப்பு வருகிறது. ஹோமரைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஐஸ்லாந்து மொழியில் பொருள் சொல்ல வேண்டும் அல்லவா? அதை அவர் சும்மா 'இதற்கு அர்த்தம் இது' என்று தள்ளிவிடவில்லை. நல்ல, தெளிந்த, 'சாகா' எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளின் உடம்பிலிருந்து எடுத்த மொழியில் சொன்னார். பையன்கள் கேட்டு வளர்ந்தார்கள். கிரேக்க வகுப்பு உண்மையில் தாய்மொழி வகுப்பாக ஆனது அப்படித்தான்.

அந்த மொழிபெயர்ப்பு அச்சுக்கு வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பள்ளியில் ஆண்டுத் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். அதற்கு ஒரு அழைப்பிதழ் அச்சிடுவார்கள். வெறும் அழைப்பிதழ் இல்லை. ஆசிரியர் ஒருவர் எழுதிய அறிவார்ந்த பகுதி ஒன்று கூடவே வரும். அதற்குப் 'போத்ஸ்ரித்', அதாவது அழைப்பு ஏடு என்று பெயர். கணக்கு வாத்தியார் பியோர்ன் தன் நீண்ட தத்துவக் கவிதை ஒன்றை 1842இல் அப்படித்தான் வெளியிட்டார். ஸ்வெயின்பியோர்ன் 1829 முதல் 1840 வரை ஒடிசியை உரைநடையில் தவணை தவணையாக அந்த ஏடுகளில் அச்சிட்டார். வித்தேய் என்ற சின்னத் தீவில் இருந்த அச்சுக்கூடத்தில் அச்சாகி, 'பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது, வந்து பாருங்கள்' என்ற செய்தியோடு ஒடிஸ்யூஸ் வீடு வீடாகப் போனான். ஊர் திரும்ப இருபது வருடம் எடுத்துக்கொண்டவனுக்குப் பன்னிரண்டு வருட அச்சு ஒன்றும் அதிகமில்லை.

மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒடிசியின் முதல் வரியில் ஒடிஸ்யூஸைக் குறிக்க ஹோமர் 'பொலித்ரொபோஸ்' என்ற சொல்லைப் போடுகிறார். பல திருப்பங்கள் உள்ளவன். பல வழி சுற்றியவன் என்றும் கொள்ளலாம், பல தந்திரம் தெரிந்தவன் என்றும் கொள்ளலாம். இன்றுவரை உலக மொழிபெயர்ப்பாளர்கள் முட்டிக்கொள்ளும் சொல் இது. ஸ்வெயின்பியோர்ன் எடுத்தது 'வீத்ஃபோர்லி'. தொலைதூரம் பயணப்பட்டவன் என்று பொருள். இதில் என்ன விசேஷம்? ஐஸ்லாந்துக்காரன் காதில் அது புதுச் சொல்லாக விழாது. பழைய கதைகளில் கிழக்கே ருஷ்யாவுக்கும் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் போய்வந்த ஆட்களின் பட்டப்பெயர் அது. தோர்வல்துர் வீத்ஃபோர்லி, இங்வார் வீத்ஃபோர்லி என்று பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆக, முதல் வரியிலேயே ஒடிஸ்யூஸ் கிரேக்க வேட்டியைக் கழற்றிவிட்டு சாகாக் கதையின் கடலோடியாக வந்து நிற்கிறான். 'தந்திரக்காரன்' என்ற பொருள் அங்கே நழுவிவிட்டது, அது இழப்புதான். ஆனால் கிடைத்தது பெரிது என்பது என் கணக்கு.

அதேபோல், ஹோமர் அழைக்கும் மியூஸ் தேவதை 'சோங்கித்யா' ஆகிறாள்: பாட்டுத் தேவி. விடியற்காலைத் தேவியான ஈயோஸ் 'மோர்குன்கித்யா': காலைத் தேவி. ரோஜா விரல் கொண்டவள் என்ற ஹோமரின் அடைமொழிக்கு ஒரே சொல்லாக 'ரோஸ்ஃபிங்ராத்'. ஒவ்வொரு முறை பொழுது விடியும்போதும் அந்தத் தொடர் மாறாமல் திரும்பி வருவதை அவர் விடவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அதுவே மனப்பாடம் ஆகியிருக்கும்.

பெயர்களையும் அப்படியே விடவில்லை. ஸியூஸ் 'செய்வுர்' ஆனார், ஒடிஸ்யூஸ் 'ஒதிஸ்செய்வுர்' ஆனார். நம் கம்பரிடம் விபீஷணன் வீடணன் ஆனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்து மொழியில் பெயர்ச்சொல்லுக்கு நான்கு வேற்றுமை உண்டு. ஆள் பெயரும் வேற்றுமைக்கேற்ப முடிவு மாறும். ஸியூஸ் என்று வைத்தால் அது மாறாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். செய்வுர் என்றால் செய்வ், செய்வி, செய்வ்ஸ் என்று உள்ளூர்க்காரன் மாதிரி ஓடும். இன்றும் ஐஸ்லாந்துப் பள்ளிப் பிள்ளைக்கு ஒலிம்பஸ் மலைக் கடவுளின் பெயர் செய்வுர்தான்.

இந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் யோனாஸ் ஹல்க்ரிம்சொன். 1823 முதல் 1829 வரை பெஸ்ஸாஸ்தாதிரில் படித்தார். ஐஸ்லாந்தின் மிகவும் நேசிக்கப்படும் கவிஞர். அவருடைய பிறந்த நாளான நவம்பர் 16தான் அந்நாட்டின் மொழி நாள். பத்தாயிரம் க்ரோனா நோட்டில் அவர் படம். கொன்ராத் கிஸ்லாசொன் இன்னொரு மாணவர், பிற்பாடு கோபன்ஹேகனில் பழைய நார்டிக் மொழிகளுக்குப் பேராசிரியர். தோமாஸ் சேமுன்ட்சொன் இன்னொருவர். இவர்களும் பிரின்யோல்வுர் பியேத்துர்சொன் என்ற நண்பரும் சேர்ந்து 1835இல் தொடங்கிய 'ஃபியோல்னிர்' இதழ்தான் நவீன ஐஸ்லாந்து உரைநடைக்கும் கவிதைக்கும் வழி வெட்டியது. அந்த இதழின் நடையைப் படித்துவிட்டு ஸ்வெயின்பியோர்னின் ஒடிசியைப் படித்தால் யார் யாருக்கு வாத்தியார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. குட்டை வாக்கியம், தெளிவான வினை, அலங்காரம் வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று.

யோனாஸ் ஒரு வானியல் நூலை மொழிபெயர்த்து 1842இல் வெளியிட்டார். அதில் புவியீர்ப்புக்கு 'அத்த்ரௌத்தாரப்ல்', அதாவது தன்பக்கம் இழுக்கும் வலிமை என்று ஒரு சொல். ஒளி பரவும் ஊடகமான ஈதருக்கு 'லியோஸ்வாகி', ஒளியை எழுப்புவது. ஈதர் என்ற கருத்தே அறிவியலில் செத்துப்போனது. சொல் சாகவில்லை, வானொலி தொலைக்காட்சி ஊடகங்களைக் குறிக்கும் பெயரில் இன்றும் இருக்கிறது. வெளிச்சொல் வந்தால் அப்படியே விழுங்காதே, உள்ளே இருக்கிற இரண்டு சொல்லைச் சேர்த்துப் பார் என்கிற பழக்கம் அந்தக் கிரேக்க வகுப்பில் கைவந்த பழக்கம் என்பது என் எண்ணம்.

ஸ்வெயின்பியோர்ன் ஒடிசியைச் செய்யுளாகவும் பெயர்க்கத் தொடங்கினார். 'எட்டா' எனப்படும் பழைய வடஐரோப்பியக் கடவுள், வீரர் பாடல்களின் யாப்பான 'ஃபோர்ன்யிர்திஸ்லாக்' அவர் தேர்ந்த வடிவம். சின்னச் சின்ன அடிகள், அடி இரண்டு இரண்டாக மோனையால் கட்டப்படும். ஹோமரின் நீண்ட அலை போன்ற அடிகளை இந்தக் குறுகிய படிக்கட்டில் இறக்குவது எளிதில்லை. அதற்கு முன்பே ஒரு ஏழைப் போதகர், பேகிசாவைச் சேர்ந்த யோன் தோர்லாக்சொன், மில்டனின் சொர்க்க இழப்பை இதே யாப்பில் பெயர்த்து வழிகாட்டியிருந்தார். நான் செய்யுள் ஒடிசியில் சில பகுதிகளை ரசித்திருக்கிறேன், ஆனால் மறுபடி மறுபடி போவது உரைநடைக்குத்தான். ஐஸ்லாந்துக்காரர்களும் அப்படித்தான் போலிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில், 1948–49இல், புதுப்பித்து வெளியிட்டபோது வந்தது உரைநடை ஹோமர்தான்.

அகராதி விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு முன் ஒரு சின்ன முன்னுரை. வைக்கிங் கால அரசவைக் கவிஞர்களுக்கு 'ஸ்கால்ட்' என்று பெயர். அவர்கள் எதையும் நேரே சொல்ல மாட்டார்கள். தங்கம் என்று சொல்ல வேண்டுமா? 'ஏகிரின் தீ' என்பார்கள். கடல் அரசன் ஏகிரின் மண்டபத்தில் விளக்குக்குப் பதில் தங்கம் ஒளி வீசியது என்ற கதை தெரிந்தால்தான் புரியும். அல்லது 'ஃப்ரேயாவின் கண்ணீர்', 'சிஃப்பின் கூந்தல்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. இதற்குக் 'கென்னிங்' என்று பெயர். இது போதாது என்று சொற்களை அடி மாற்றி இடம் மாற்றிச் சிதறியும் வைப்பார்கள். நம் இலக்கணத்தில் கொண்டுகூட்டு என்கிறோமே, அதை முழுநேரத் தொழிலாகச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காட்டுக்கு ஸ்வெயின்பியோர்ன் ஒரு நிகண்டு தொகுத்தார். 'லெக்சிகோன் பொயெதிகும்' என்று பெயர், விளக்கம் லத்தீனில். எந்தச் சொல் எந்தக் கவிஞரிடம் எந்தக் கென்னிங்கில் வருகிறது என்று பல வருடம், பாடம் நடத்திய நேரம் போக மிச்சத்தில் சேர்த்தது. அச்சில் வந்தது 1854 முதல் 1860 வரை கோபன்ஹேகனில், அவர் இறந்த பிறகு. ஃபின்னுர் யோன்சொன் அதை டேனிஷில் மாற்றித் திருத்தி எழுதினார். அந்தத் திருத்திய பதிப்பைத்தான் ஸ்கால்ட் கவிதை படிப்பவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள், அட்டையில் இன்னமும் ஸ்வெயின்பியோர்ன் பெயர் இருக்கிறது. இதற்கு நடுவே நார்வே அரசர்களின் கதைகளைப் பன்னிரண்டு தொகுதி லத்தீனாக்கியதும் அவரே. ஐரோப்பிய அறிஞர்கள் படிக்க வேண்டுமானால் அப்போது லத்தீன்தான் வழி. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. உள்ளூரில் சம்பளம் அப்படியேதான் இருந்தது என்று ஊகிக்கிறேன்.

சரி, கவிதை. நீங்கள் கேட்டது அதைத்தானே.

சொந்தக் கவிதைகள் ஒரு தொகுதியாக 1856இல் வந்தன. அதில் பலவும் இன்று யாரும் படிக்காதவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு துண்டுகள் நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. இதற்கு மேல் ஒரு கவிஞனுக்கு என்ன வேண்டும்?

முதலாவது குழந்தைப் பாட்டு. நாலே வரி:

ஃப்ளியூகா க்வித்து ஃபித்ரில்தின்
ஃபிரிர் உதன் க்ளுக்கா;
தார்னா சிக்ளிர் எய்ன்க்வெர் இன்
ஓவுர்லீதில் துக்கா.

'வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் ஜன்னலுக்கு வெளியே பறக்கின்றன. அதோ, குட்டியூண்டு படகு ஒன்று உள்ளே பாய் விரித்து வருகிறது.' அவ்வளவுதான் பொருள். ஆல்ப்தானெஸில் ஒரு வீட்டு ஜன்னல், அதற்கப்பால் கடல். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் விரல் நீட்டிக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

இப்போது ஓசையைப் பாருங்கள். ஐஸ்லாந்து யாப்பில் மோனை விருப்பம் இல்லை, சட்டம். ஒற்றைப்படை அடியில் (1, 3) இரண்டு மோனைச் சொல், அடுத்த அடியின் தலையில் ஒன்று. முதல் இரண்டு அடியில் ஃப்ளியூகா, ஃபித்ரில்தின், ஃபிரிர். சரியாக மூன்று. மூன்றாம் நான்காம் அடியில்? எய்ன்க்வெர், இன், ஓவுர்லீதில். எ, இ, ஓ மூன்றும் வேறு எழுத்தாயிற்றே என்று நமக்குத் தோன்றும். அங்கே எந்த உயிரெழுத்தும் எந்த உயிரெழுத்தோடும் மோனையாகும். வேறு வேறாக இருந்தால் இன்னும் அழகு என்பது மரபு. தவிர, ஃபித்ரில்தின் என்பதற்கு இன், க்ளுக்கா என்பதற்குத் துக்கா என்று இயைபும் உட்கார்ந்திருக்கிறது. தாலாட்டுகிற கையோடு ஸ்கால்ட்களின் இலக்கணம் முழுவதையும் இறக்கிவிட்டு, குழந்தைக்குத் தெரியாமல் மூடிவைத்திருக்கிறார். அகராதி எழுதியவர் கவிஞரா என்று கேட்டால் நான் இந்த நாலு வரியைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது, நீங்கள் படித்த கிறிஸ்துமஸ் பாட்டு. 'ஹெய்ம்ஸ் உம் போல்' என்று தொடங்கும். மெட்டு உலகமே அறிந்த 'ஷ்டில்லே நாஹ்ட்', ஆங்கிலத்தில் சைலன்ட் நைட். 1818இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் ஊர்த் தேவாலயத்துக்காக மெட்டமைத்த ஃப்ரான்ஸ் க்ரூபரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் என்பது தற்செயல். ஆனால் ஸ்வெயின்பியோர்ன் எழுதியது மொழிபெயர்ப்பு இல்லை. அமைதியான இரவு இல்லை, தூங்கும் குழந்தை இல்லை. முதல் பத்தியின் பொருள் ஏறக்குறைய இப்படி: உலகெங்கும் புனிதத் திருநாள், ஆசி பெற்ற கன்னி இறைமகனை ஈன்றாள், மனிதரின் மீட்பு, விடுதலையின் ஊற்று, ஒளியின் முதற்கனல், மனித குலம் முழுவதுமோ கேட்டில் வழிதவறி இருளில் கிடந்தது. டிசம்பரில் சில மணி நேரமே பகல் இருக்கிற நாட்டில் கடைசி அடி வெறும் உவமை இல்லை, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற விஷயம். 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மணி அடித்துத் திருநாள் தொடங்கும். அன்று மாலை வழிபாட்டில் எல்லோரும் சேர்ந்து இதைப் பாடுவார்கள்.

அந்தக் கடைசி அடியில் வரும் 'மெய்ன்வில்' என்ற சொல் அவருக்கே உரிய பழஞ்சொல் வாசனை கொண்டது. கேட்டில் வழிதவறியது என்ற பெயரடை அது. அன்றாடப் பேச்சில் கிடையாது. விளைவு என்னவென்றால், தலைமுறை தலைமுறையாக ஐஸ்லாந்துக் குழந்தைகள் 'மெய்ன்வில்' என்பது யாரோ ஒரு ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெய்ன்வில் இருட்டில் படுத்திருக்கிறான்! கிறிஸ்துமஸ் இரவில் இருட்டுக்குள் பதுங்கிக் கிடக்கும் அந்த மெய்ன்வில் யார் என்று அம்மாவிடம் கேட்காத குழந்தை குறைவு. தூய மொழி வேண்டும் என்று பாடுபட்ட வாத்தியாருக்குத் தெரியாமல் அவர் பாட்டிலேயே ஒரு பூச்சாண்டி பிறந்துவிட்டான்.

இனி ரகளை.

1846இல் பள்ளி பெஸ்ஸாஸ்தாதிரை விட்டு ரெய்க்யாவிக்குக்கு வந்தது. மரத்தால் ஆன புதிய கட்டடம், ஏரிக்குப் பக்கத்து மேட்டில். இன்றும் அது பள்ளிதான், ஐந்நூறு க்ரோனா நோட்டின் பின்பக்கத்தில் அதைப் பார்க்கலாம். புதிதாக உயிர்ப்பிக்கப்பட்ட நாடாளுமன்றமும் அதே கட்டடத்தில்தான் கூடியது. ஸ்வெயின்பியோர்ன் தலைமையாசிரியர் ஆனார். ஊரில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆனால் தீபகற்பத்தில் காற்றோடு படித்த பையன்களுக்கும், கடைத்தெருவும் மதுக்கடையும் உள்ள ஊரில் படிக்கும் பையன்களுக்கும் வித்தியாசம் உண்டு. கூடவே 1848 வந்தது. ஐரோப்பா முழுக்கப் புரட்சி, டென்மார்க்கில் முடியாட்சி அதிகாரம் சரிந்தது. செய்தி கப்பலில் வந்து சேரும்போது பழசாகியிருந்தாலும் சூடு ஆறவில்லை.

பள்ளியில் ஒரு மதுவிலக்குச் சங்கம் இருந்தது. மாணவர்கள் பலர் சேர்ந்திருந்தார்கள், பிறகு விலகத் தொடங்கினார்கள். தலைமையாசிரியருக்கு அதில் மிகுந்த பிடிவாதம். சங்கக் கூட்டத்துக்கு வரச் சொன்னார், பையன்கள் வரவில்லை. சேர்வதும் சேராததும் எங்கள் இஷ்டம் என்பது அவர்கள் வாதம், எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. கண்டித்தார். அதுதான் கடைசித் துரும்பு. 1850 ஜனவரி 17 அன்று மாணவர்கள் கூட்டமாக வெளியேறி ஊருக்குள் போய் 'பெரெயாத்!' என்று முழங்கினார்கள். லத்தீனில் 'அழிந்துபோகட்டும்' என்று பொருள். தலைமையாசிரியர் ஸ்வெயின்பியோர்ன் எகில்சொன் அழிந்துபோகட்டும் என்று பெயர் சொல்லியே கத்தினார்கள். வினைச்சொல்லின் வடிவம் பிழையில்லாமல் இருந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சிக்கே 'பெரெயாத்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அவர் கோபன்ஹேகன் போய் முறையிட்டார். அரசு அவர் பக்கம்தான் நின்றது. ஆனால் காகிதத்தில் ஜெயித்தவரால் வகுப்பில் ஜெயிக்க முடியவில்லை. 1851இல் பதவி விலகினார். என் அபிப்பிராயம் இது: அவர் நல்ல ஆசிரியர், நிர்வாகி இல்லை. ஹோமரின் ஒரு சொல்லுக்குப் பொறுமையாகப் பத்துச் சொல் நிறுத்துப் பார்க்கிறவர், பதினெட்டு வயதுப் பையனின் ஒரு முறைப்புக்கு அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. பையன்களும் ஒன்றும் மோசமானவர்கள் இல்லை. அந்த வருடங்களில் அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் ஸ்தெய்ன்க்ரிமுர் தோர்ஸ்தெய்ன்சொன் ஒருவர். பின்னாளில் பெரிய கவிஞர், ஆயிரத்தொரு இரவுகளை ஐஸ்லாந்து மொழிக்குக் கொண்டுவந்தவர், அதே பள்ளிக்கு ஆசிரியராக வந்து தலைமையாசிரியர் நாற்காலியிலும் உட்கார்ந்தவர்.

பதவி விலகிய மறு வருடம், 1852 ஆகஸ்டில், ஸ்வெயின்பியோர்ன் இறந்தார். வயது 61. அவருடைய பேர் சொல்லும் மாணவர் யோனாஸ் அதற்கு ஏழு வருடம் முன்பே, 37 வயதில், கோபன்ஹேகனில் மாடிப்படியில் விழுந்து கால் முறிந்து இறந்துபோயிருந்தார்.

மேஜையில் வேலை பாதியில் கிடந்தது. அகராதி அச்சாகவில்லை, உரைநடை இலியட் அச்சாகவில்லை, செய்யுள் ஒடிசி முடியவில்லை. இலியட் 1855இல் வந்தது. செய்யுள் ஒடிசியை மகன் பெனடிக்ட் க்ரோண்டால் எழுதி முடித்தார், அதுவும் 1854இல் வெளிவந்தது. மகன் அப்பாவைப் போல் இல்லை: கிண்டல்காரர், பறவைகளை வரைகிறவர், ஊர் வம்பெல்லாம் தெரிந்தவர். முதுமையில் எழுதிய தன் வரலாறான 'தேக்ராத்வோல்' புத்தகத்தில் எய்விந்தார்ஸ்தாதிர் வீட்டையும் எப்போதும் வேலையில் மூழ்கிக் கிடந்த அப்பாவையும் எழுதியிருக்கிறார். ஸ்வெயின்பியோர்னை மனிதராகப் பார்க்க வேண்டுமானால் அதுதான் நல்ல ஜன்னல்.

எங்கே தொடங்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐஸ்லாந்து மொழி கொஞ்சம் தெரிந்தால் உரைநடை ஒடிசியின் ஒன்பதாம் பாகம், ஒற்றைக்கண் அரக்கன் குகை. மொழி தெரியாவிட்டால் 'ஃப்ளியூகா க்வித்து' பாட்டை யாராவது பாடிக் கேளுங்கள். மூன்றாவது அடியில் படகு வரும்போது உயிரெழுத்துகள் மட்டும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பது, மொழி தெரியாமலேயே காதில் விழும்.